ஓடை வற்றிய காலை

சவாய் பிரபுக்கள் ஆண்ட காலம். ஆல்ப்ஸ் மலைச்சரிவில் ஷோசால் என்ற சிற்றூரின் கடைசி வீட்டில் பெர்னெட்டும் அவள் கணவன் மெர்மேயும் இருந்தார்கள். வீட்டைத் தாண்டினால் வயல், வயலைத் தாண்டினால் உறைந்த பனியே ஆறுபோல மெல்ல நகர்ந்து வரும் பனியாறு. அவள் கல்யாணமாகி வந்தபோது அது காட்டுக்கும் மேலே வெள்ளைக் கோடாகக் கிடந்தது. பிறகு கோடைகள் குளிர்ந்துகொண்டே போயின; பனி மரங்களைச் சாய்த்தபடி கீழே இறங்கி வந்தது. பாதிரியார் வந்து ஜெபம் செய்துவிட்டுப் போனார். அவர் நின்ற இடத்தையும் அது மூடிவிட்டது.

ஜூன் மாதத்தில் ஒரு காலை. வாளியோடு ஓடைக்குப் போன பெர்னெட் திகைத்து நின்றாள். தண்ணீரே இல்லை. சேற்றில் மீன்கள் துடித்துக்கொண்டிருந்தன. கொழுந்தன் ஏமோன் அவற்றைத் தொப்பியில் அள்ளிக்கொண்டிருந்தான்.

"கூடை எடுத்துட்டு வாங்க அண்ணி, கடவுளாப் பாத்துக் குடுத்திருக்காரு."

"வெயில் அடிக்குது, பனி உருகுது. தண்ணி மட்டும் எங்கடா போச்சு?"

"எங்க போனா நமக்கென்ன? மீன் கிடைச்சுதா இல்லையா?"

பெர்னெட் வாளியைப் போட்டுவிட்டு மேட்டில் ஏறிப் பார்த்தாள். பனியாற்றின் முனை பள்ளத்தாக்கைக் கடந்து எதிர்ப்பாறையில் முட்டி, ஓடையின் வழியையே அடைத்திருந்தது. அதற்குப் பின்னால் கறுப்பாகத் தேங்கி நின்றது தண்ணீர். பைன் மரங்களின் உச்சி மட்டும் தெரிந்தது. பனிச்சுவருக்குள் ஏதோ முறிகிற ஓசை கேட்டது. திரும்பி ஓடினாள்.

பனிச்சுவர் உடைந்து வெள்ளம் வரப்போகிறது என்று அவள் கத்தியதை ஊரில் யாரும் நம்பவில்லை. போன வருஷம் அவள் பேச்சைக் கேட்டு ஊரே காட்டில் நனைந்து கிடந்தது, ஒன்றும் நடக்கவில்லை.

கூரையில் உட்கார்ந்து பழுது பார்த்துக்கொண்டிருந்த மெர்மே இறங்கக்கூட இல்லை. "இந்த வருஷமும் ஆரம்பிச்சுட்டியா? போய் வேலையப் பாரு" என்றான்.

அவள் ஒரு கம்பை எடுத்துக்கொண்டாள். ஒவ்வொரு தொழுவமாகத் திறந்து, மாடுகளை அடித்து மேட்டை நோக்கி விரட்டினாள். அந்த ஊருக்கு மாடுதான் சொத்து. பெண்களும் ஆண்களும் கைவேலையைப் போட்டுவிட்டு, அவளை வைதுகொண்டே பின்னால் ஓடிவந்தார்கள். மெர்மே மூச்சிரைக்க வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தான். அடிக்கக் கை ஓங்கியவன், காலடியில் மண் அதிர்வதை உணர்ந்து அப்படியே நின்றுவிட்டான்.

வீடளவு பனிக்கட்டிகளைப் புரட்டிக்கொண்டு வெள்ளம் வந்தது. வீடுகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. யாரும் அழவில்லை, அழுவதற்கும் பயமாக இருந்தது.

இரைச்சல் அடங்கிய பிறகு ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். கிகோன் பதில் சொல்லவில்லை. கூலிக்கு நூல் நூற்றுப் பிழைத்த ஏழை அவள். அவளுக்கு மாடு கிடையாது; துரத்திக்கொண்டு ஓடிவர அவளுக்கு ஒன்றுமில்லை.

ஏமோன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: "ஓடையில நிறைய மீன் கெடக்குதுன்னு நான்தான் அவகிட்ட சொன்னேன் அண்ணி. அங்கதான் போயிருப்பா."

பெர்னெட் ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். மாடுகளை விரட்டியபோது கிகோன் வீட்டு வாசலை எட்டிக்கூடப் பார்க்காமல் தாண்டி ஓடியிருந்தாள். "அவளைக் கையப் பிடிச்சு இழுத்துட்டு வந்திருக்கணும். எனக்குத் தோணவே இல்லையே" என்றாள்.

மெர்மே தன் மேலங்கியைக் கழற்றி அவளுக்குப் போர்த்தினான். கீழே பள்ளத்தாக்கில் இன்னும் பனிக்கட்டிகள் உருண்டுகொண்டிருந்தன.