ஆட்டு ஆண்டு இழுப்பறை

2004 டிசம்பர் 14, செவ்வாய்க்கிழமை. பூசான் நகரத்து வானம் துடைத்து வைத்தாற்போல் தெளிந்திருந்தது. வடமேற்கிலிருந்து உலர்ந்த காற்று கடுமையாக வீசியது. காலைக் குளிர் உறைநிலைக்கு இரண்டு பாகை கீழே இருந்தது.

நிவாரணச் சங்கத்தின் நிலவறையில் முழங்காலிட்டிருந்த இன்ஜா, ஆட்டு ஆண்டு என்று எழுதப்பட்ட இழுப்பறையின் அட்டைகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தாள். மீன் பணியாரக் கடையை விடியற்காலையிலேயே பூட்டிவிட்டு வந்திருந்தாள். கைகளை மும்முறை கழுவியும் எண்ணெய் வாசனை போகவில்லை.

"மெதுவா அக்கா," என்றார் ஆவணப் பொறுப்பாளர் பாங். "ஒரு மூலை மடங்கினாலும் உங்கப்பா ஆஸ்பத்திரியில இருந்தே என்னைத் திட்டுவாரு."

"திட்டுறதுக்கு மூச்சு வேணுமே, சார்."



அவளுடைய தந்தை பியொன் கிசொப் இந்த நிலவறையில் முப்பத்தோராண்டுகள் பணியாற்றியவர். போர்க்காலத்து அகதி முகாம்களில் குடும்பத்தைப் பிரிந்த சிறுவர்களுக்கு ஆளுக்கொரு அட்டை எழுதப்பட்டிருந்தது. பயந்துபோன குழந்தைகள் சொல்லும் பெயர்களை நம்ப இயலாதாகையால், அட்டைகள் பிறந்த ஆண்டின் வரிசையில், பன்னிரு விலங்குகளின் பெயரால் அவ்வூரார் ஆண்டுகளை அழைக்கும் முறைப்படி அடுக்கப்பட்டன. ஆனால் முகாமில் எழுதப்பட்டதோ வயது மட்டுமே. வேலைக்குப் புதியவரான கிசொப், முகாமில் பதிவு நடந்த 1951இலிருந்து வயதைக் கழித்து ஆண்டை எழுதினார். பிறந்த அன்றே குழந்தைக்கு ஒரு வயது என்று எண்ணும் ஊரில் பிறந்து வளர்ந்தும், தாளில் கணக்குப் போடும்போது அவர் அதை மறந்துபோனார். ஒவ்வொரு குழந்தையும் ஓராண்டு முன்னதாகவே பிறந்துவிட்டது.

மூன்றாம் ஆண்டில் தவற்றைக் கண்டுபிடித்து, பெட்டி பெட்டியாகத் திருத்தினார். நாற்பத்தொன்றாம் பெட்டி மட்டும் அப்போது அலமாரியில் இல்லை. புயல் வெள்ளத்தில் நனைந்து, வேறொரு கட்டடத்தில் உலர்ந்துகொண்டிருந்தது. திரும்பி வந்த அட்டைகளை யாரோ திருத்தாமலே நேரே இழுப்பறைகளில் செருகிவிட்டார்கள். இது அவருக்கு நினைவு வந்தது கடந்த ஞாயிற்றுக்கிழமை, மூக்கில் பிராணவாயுக் குழாயோடு படுத்திருக்கையில்.

அத்துடன் மற்றொன்றும் நினைவு வந்தது. மா தால்சு என்பவர் அறுவடைத் திருநாள் முடிந்ததும் ஆண்டுதோறும் உல்சானிலிருந்து பேருந்தில் வருவார். "என் தங்கச்சி ஒக்புன். குரங்கு ஆண்டுல பிறந்தவ," என்பார். கிசொப் அவர் கண்ணெதிரே குரங்கு ஆண்டு இழுப்பறையை முழுவதும் தேடிக் காட்டுவார். "இந்த வருஷமும் இல்லீங்க." அவ்வாறு பதினேழு முறை.

இன்ஜாவின் விரல் நின்றது. மா ஒக்புன், பெண், வயது எட்டு. அண்ணன் தால்சு, பதினான்கு, படகுத்துறையில் பிரிந்தான். மிரியாங் ஊரில் ஓர் உழவர் வீட்டுக்கு அனுப்பப்பட்டாள். மேல் மூலையில் தந்தையின் நேர்த்தியான எழுத்தில் 1943 என்றிருந்தது. குரங்கு ஆண்டோ 1944. தேடிய இழுப்பறைக்கு இடப்பக்கத்து இழுப்பறையிலேயே அவள் இருந்திருக்கிறாள்.

பாங் மேலே சென்று தால்சுவின் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினார். திரும்பி வந்தவர் படிக்கட்டிலேயே நின்றுகொண்டார்.

"போன வருஷம் வசந்தத்துல தவறிட்டாராம். மருமக பேசினாங்க."

"தங்கச்சி?"

"மிரியாங்ல விசாரிக்கணும் அக்கா. நாளாகும்."

தந்தைக்கு நாளில்லை. மருத்துவர் அதைக் காலையிலேயே தெரிவித்திருந்தார்.

மருத்துவமனை நடைவழியில் அம்மா காத்திருந்தாள். செய்தியைக் கேட்டதும் மகளின் சட்டைக் கையைப் பற்றிச் சுவரோரம் இழுத்தாள்.

"கிடைச்சுட்டாங்கன்னு சொல்லிடு. அண்ணனும் தங்கச்சியும் பேசிட்டாங்கன்னு சொல்லு. மனுஷன் நிம்மதியா போகட்டும்."

"பொய் சொல்லச் சொல்றியாம்மா?"

"ஐம்பது வருஷமா 'சாப்பாட்டுக்கு வந்துடுறேன்'னு என்கிட்ட சொன்னாரே, அது என்னவாம்? அந்த அட்டைங்கதான் அவருக்குக் குடும்பம். நான் வாடகைக்கு இருந்தவ."

கிசொப் விழித்திருந்தார். பிராணவாயு நீர்ப்புட்டியில் குமிழியிட்டுக்கொண்டிருந்தது.

"கிடைச்சுதா?"

"கிடைச்சுது அப்பா. ஆட்டு ஆண்டுல இருந்துச்சு."

அவர் கண்களை மூடித் திறந்தார். "தால்சு என்ன சொன்னாரு?"

"ரொம்ப சந்தோஷப்பட்டாரு."

"அழுதாரா?"

"இல்ல... சந்தோஷம்னு சொன்னாரு."

"பதினேழு வருஷமும் என் மேசையில தலையைக் கவுத்து அழுதவரு." அவர் மூச்சுக்காக நிறுத்தினார். "தங்கச்சி கிடைச்ச அன்னிக்கு அழலையா?"

இன்ஜா கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "போன வருஷம் போயிட்டாருப்பா."

ஜன்னலைக் காற்று அசைத்தது. அம்மா ஒரு கமலாப்பழத்தை உரிக்கத் தொடங்கினாள். யாரும் அதைக் கேட்கவில்லை. வெண்ணிற நாரை ஒவ்வொன்றாக எடுத்து, சுளைகளைப் பிரித்துக் கைக்குட்டையில் வரிசையாக வைத்தாள்.

"பாங்கைக் கூப்பிடு," என்றார் கிசொப்.

இன்ஜா கைப்பேசியில் அழைத்து, தந்தையின் சொற்களைத் திருப்பிச் சொன்னாள்.

"பிறந்த ஆண்டு 1943 என்பது பிழை. 1944 எனத் திருத்தப்பட்டது. தேடிய அண்ணன் மா தால்சு, காலமானார். பிழை செய்தவர், பியொன் கிசொப்."

பாங் இடைமறித்தார். "அக்கா, பேரெல்லாம் போடுற வழக்கமில்லையே. 'எழுத்தர் பிழை'ன்னு போட்டா போதாதா?"

அவள் அதைச் சொல்லத் தேவை நேரவில்லை. கிசொப்பின் காதில் அது விழுந்துவிட்டது.

"எழுத்தருக்குப் பேர் இருக்குய்யா. அந்தப் பொண்ணுக்கு இப்ப அறுபத்தோரு வயசு. உயிரோட இருப்பா. நாளைக்கு வந்து யாருன்னு கேட்டா, திட்டுறதுக்கு ஒரு பேராவது வேணாமா?"

பாங் எழுதினார். எழுதியதை வாசித்தும் காட்டினார்.

"பென்சில்லதானே?"

"பென்சில்தான் ஐயா. மை ஊறினா அட்டை கெட்டுடும்னு நீங்க சொல்லிக்கொடுத்ததுதானே."

"அந்தப் பெட்டியில இருந்த மத்த அட்டைகளையும் பாருங்க. இதை முதல்ல மாத்தி வைங்க."

இன்ஜா கைப்பேசியைத் தந்தையின் காதோடு சேர்த்துப் பிடித்தாள். வெகுதொலைவில் காலடிகள் கீழிறங்கின. ஓர் இழுப்பறை உராய்ந்து திறந்தது. அட்டைகள் தள்ளப்பட்டன. அவருடைய புருவம் மட்டும் கூர்மையாகச் சுருங்கியிருந்தது, எண்ணிக்கை தவறாமல் கவனிப்பவருடையதைப் போல. பின்னர் அது மெல்லத் தளர்ந்தது.

"வெச்சாச்சு ஐயா," என்றது குரல். "ஐயா? கேக்குதா?"

இன்ஜாவின் கை விலகவில்லை. மருத்துவர் வந்து, மணிக்கட்டைத் தொட்டு, குனிந்து கேட்டு, நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்த பிறகும் அந்தக் கை அங்கேயே இருந்தது.

அம்மா மடியிலிருந்த சுளைகளைக் கைக்குட்டையோடு மடித்து ஓரமாக வைத்தாள்.

"திதி கொடுக்கணும். சந்திரக் கணக்குல இன்னிக்கு என்ன தேதிம்மா?" என்று செவிலியைக் கேட்டாள்.

செவிலி சுவர் நாட்காட்டியின் சிறிய எழுத்துகளை அண்ணாந்து பார்த்தாள். "பதினோராம் மாசம், மூணாம் நாள் பாட்டி."

அம்மா விரல்களை மடக்கி ஒருமுறை எண்ணினாள். சரிதானா என்று மறுபடியும் எண்ணினாள்.

அப்போது பிற்பகல் மணி மூன்று, நிமிடம் நாற்பத்தேழு.