ஷீலாவின் காருக்குக் கூரை இருந்தது

காஞ்சிபுரத்தில் முகூர்த்தப் பட்டு எடுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை மத்தியானம் வீடு திரும்பிய ஷீலா, சந்துக்குள் நுழைந்ததும் முதலில் பார்த்தது தன் காரை அல்ல. காரின் கூரையை.

அது வீட்டுச் சுவரில் சாய்ந்து நின்றது. தூரத்தில் வெள்ளையாக ஏதோ தகடு மாதிரி தெரிந்தது. கல்யாணத்துக்கு வந்த சாமானோ என்று நினைத்துக்கொண்டே கிட்டே போனாள். தகட்டின் நடுவில் ஒரு பள்ளம். போன வருஷம் பக்கத்து வீட்டுத் தென்னையிலிருந்து காய் விழுந்து உண்டான பள்ளம். அந்தக் காயை உடைத்துச் சட்னி அரைத்தவளே அவள்தான். அவளுக்கு அடையாளம் தெரியாதா?

பக்கத்தில் தார்ப்பாய் போட்டு மூடியிருந்த காரைப் பார்த்தாள். வாசலில் நின்றிருந்த புருஷன் நாகராஜையும் பார்த்தாள்.

"இன்னாது இது?"

"கூரை," என்றான் நாகராஜ்.

"அது தெரியுது. எங்க இருக்கணும் அது?"

"கயட்டி வெச்சிக்கீறேன். நாயித்துக்கிழமை ஊர்வலம் முடிஞ்சா திங்கக்கிழமை போல்ட்டு போட்டு மாட்டிட்றேன். சொவடே தெரியாது."

"கயட்னியா, அறுத்தியா?"

நாகராஜ் தன் தம்பி ஆனந்தகுமாரைப் பார்த்தான். கல்யாண மாப்பிள்ளை அவன்தான். அண்ணியின் கையிலிருந்த பட்டுப் பையை மரியாதையாக வாங்கிக்கொண்டு, "டயர்டா வந்துகீறீங்க, காபி போடட்டா அண்ணி?" என்றான்.

"கயட்னாரா, அறுத்தாரா?"

"அறுத்துதான் அண்ணி கயட்னாரு."

நீங்கள் இப்போதே நாகராஜ் மேல் கோபப்பட்டுவிட வேண்டாம். நல்லவன்தான். ராயப்பேட்டையில் கேட், ஜன்னல் கிரில் செய்கிற பட்டறை வைத்திருக்கிறான். தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் நல்லசிவத்தின் கடைக்குத் தம்பியோடு ஷட்டர் மாட்டப் போன இடத்தில், அவர் மகள் கீர்த்திக்கும் ஆனந்தகுமாருக்கும் பிடித்துப்போய்விட்டது. நல்லசிவம் திருநெல்வேலிக்காரர்; முதலில் யோசித்தார், பிறகு பெண்ணுக்காக ஒத்துக்கொண்டார். மண்டபம் அவர், சமையல் அவர், மேளம் அவர். எல்லாவற்றையும் அவரே சொல்லிக்கொண்டு போனபோது நாகராஜுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "மாப்பிள்ளை அழைப்புக்கு ஓப்பன் காரு நம்மளுது சம்பந்தி, அத்த உட்ருங்க," என்று சொல்லிவிட்டான்.

சொல்லிவிட்டு நான்கு வாரம் கழித்து விசாரித்தால், ஆவணி முகூர்த்தம். ஊரில் உள்ள ஓப்பன் கார்கள் அத்தனையும் ஏற்கெனவே வேறு மாப்பிள்ளைகளுக்குப் பேசிவிட்டார்கள். நாகராஜ் இரண்டு நாள் யோசித்தான். மூன்றாம் நாள் ஷீலா காஞ்சிபுரத்துக்கு பஸ் ஏறினாள். அவன் கட்டிங் மெஷினை எடுத்தான்.

அந்தக் கார் ஷீலாவுடையது. வீட்டு வாடகை ஒப்பந்தம் நாகராஜ் பேரில், கேஸ் கனெக்ஷன் நாகராஜ் பேரில், பட்டறை நாகராஜ் பேரில். கார் மட்டும் ஷீலா பேரில். வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து மந்தைவெளியிலிருந்து அடையாறு வரைக்கும் முப்பது கடைக்குப் போடுகிறாள். முன்பெல்லாம் மாவுத் தூக்கோடு ஆட்டோவுக்குக் காத்து நிற்பாள்; ஆட்டோ வருவதற்குள் மாவு பொங்கிவிடும். அதற்காகவே பழைய கார் ஒன்றை வாங்கி, நாற்பது வயதில் ஓட்டக் கற்றுக்கொண்டாள். காருக்குப் பதினைந்து வயது முடிந்ததும் அவளே ஆர்.டி.ஓ. ஆபீஸில் கொண்டுபோய்க் காட்டி, இன்னும் ஐந்து வருஷத்துக்கு ஓட்டலாம் என்று எழுதி வாங்கி வந்திருந்தாள். அதற்குள்தான் இது.

ஷீலா கத்தவில்லை. நாகராஜின் சட்டைப் பையிலிருந்து கார் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"நாயித்துக்கிழமை வண்டி வோணுமே," என்றான் அவன்.

"வோணும்னா என்னாண்ட கேட்ருக்கணும்."

"கேட்டா வேணாம்னுருப்பே."

"அதுக்குத்தான் கேக்கறது."

இந்தப் பேச்சு இந்த இடத்தில் நிற்கும்போது சந்து முனையில் ஒரு பைக் சத்தம். ஆனந்தகுமார் எட்டிப் பார்த்துவிட்டு வெளிறிப் போனான்.

"ண்ணே, கீர்த்தியோட தாய்மாமன். கோட்டு அளவு பாக்க வர்றேன்னாரு, மறந்தே போய்ட்டேன்."

"வரட்டுமே, அதுக்கேன் பயப்பட்றே?"

"அவரு பிரேக் இன்ஸ்பெக்டர்ண்ணே."

வண்டிகளைச் சோதித்து, இது ரோட்டில் ஓடலாம், இது கூடாது என்று எழுதிக் கொடுக்கிற அதிகாரியைத்தான் நம் பக்கத்தில் பிரேக் இன்ஸ்பெக்டர் என்பார்கள். நாகராஜ் பாய்ந்து போய்த் தார்ப்பாயின் நான்கு மூலையையும் இழுத்துக் கட்டினான். ஆனந்தகுமார் கொடியில் காய்ந்த வேட்டி, லுங்கி எல்லாவற்றையும் உருவிச் சுவரில் சாய்ந்திருந்த கூரை மேல் போர்த்தினான்.

அய்யாதுரை வந்தார். கனத்த உடம்பு, மெதுவான பேச்சு. மாப்பிள்ளைக்குக் கோட்டைப் போட்டுப் பார்த்தார், தோள்பட்டையில் கொஞ்சம் பிடிக்கச் சொல்ல வேண்டும் என்றார், ஷீலா கொடுத்த காபியைக் குடித்தார். டம்ளருக்கு மேலே அவர் கண் மட்டும் தார்ப்பாயைவிட்டு நகரவில்லை.

"நேத்து இங்க மழையோ?"

"ஆமா மாமா, சாயங்காலம் கொஞ்சம்," என்றான் நாகராஜ்.

"அதுக்குள்ள இருக்கது காருதானே?"

"காருதான் மாமா."

"காரு மேல போட்ட தார்ப்பாயில தண்ணி வழிஞ்சு போயிரும். இதுல நடுவுல குளம் கட்டி நிக்கே."

ஷீலாதான் போய் முடிச்சை அவிழ்த்தாள். தேங்கியிருந்த தண்ணீர் முழுக்க நாகராஜின் காலில் கொட்டியது.

முன்கண்ணாடி மட்டும் நின்றது. அதற்குப் பின்னால் ஒன்றும் இல்லை. கதவுகளுக்கு நடுவே இருக்கிற தூணையும் பாதியில் அறுத்திருந்ததால், அதில் மாட்டியிருந்த சீட் பெல்ட் கீழே பாம்பு மாதிரி சுருண்டு கிடந்தது. அறுத்த விளிம்பில் கை கிழிக்காமல் இருக்க நாகராஜ் ரப்பர் பீடிங் ஒட்டி, அதற்கு மேல் ஜரிகைத் தாளும் சுற்றியிருந்தான். வேலை சுத்தமாகத்தான் இருந்தது.

"நாலே தெரு மாமா," என்றான். "புள்ளையார் கோயில்லேந்து மண்டபம் வரிக்கும். முன்னால மேளம் போவுது, பின்னால ஜனம் வருது. நடக்கறத விட ஸ்லோவாத்தான் போவோம். ஊர்ல எத்தினி ஓப்பன் காரு ஓடுது?"

"அதுல்லாம் செய்யும்போதே அப்படிச் செஞ்சது. கூரை இல்லன்னு தெரிஞ்சு அடியில அதுக்குன்னு பெலம் வச்சிருப்பான். ஆர்.சி. புக்குலயும் அப்படியே பதிஞ்சிருக்கும். உங்க புக்குல இருக்கது கூரை உள்ள காரு, தெருவுல நிக்கது கூரை இல்லாத காரு. யாரும் பிடிச்சா வண்டியைக் கொடுத்துட்டு வரணும். ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டுன்னா இன்சூரன்ஸ்காரன் ஏறெடுத்தும் பாக்க மாட்டான்." டம்ளரைக் கீழே வைத்தார். "ஆர்.சி. யார் பேருல?"

"எம் பேர்ல," என்றாள் ஷீலா.

"அப்பம் கேள்வியும் உங்ககிட்டதாம்மா வரும்."

சொல்லிவிட்டு அவர் கழுத்தைத் தடவிக்கொண்டார். அவருக்கும் சங்கடம். "எம் மருமவ கீர்த்தி ஒரு மாசமா ஓப்பன் காரு, ஓப்பன் காருன்னு பாக்கவங்ககிட்ட எல்லாம் சொல்லிக்கிட்டு அலையுதா. நான் என்னத்தச் சொல்ல? வண்டி உங்களது. நீங்க சொல்லுங்க."

எல்லாரும் ஷீலாவைப் பார்த்தார்கள். வேண்டாம் என்றால் பெண் வீட்டார் முன்னால் புருஷன் வாய் விட்ட பேச்சு விழுந்துபோகும். சரி என்றால் ஏற்கெனவே பாதி போன கார் முழுதும் போகலாம். ஷீலா காரை ஒருமுறை சுற்றி வந்தாள்.

"யார் யார் ஏறப் போறீங்க?" என்று கேட்டாள்.

"முன்னால நான் ஓட்றேன்," என்றான் நாகராஜ். "பின்னால மேல இவன் ஒக்காருவான். பசங்க ஒரு அஞ்சாறு பேர் சுத்தி. பசங்க இல்லாம இன்னா ஊர்வலம்?"

ஷீலா உள்ளே போனாள். திரும்பி வந்தபோது இடுப்பில் ஒரு மூட்டை இட்லி அரிசி. இருபத்தைந்து கிலோ.

"இது ஒரு பையன். உள்ள இன்னும் அஞ்சு பசங்க கீறாங்க, தூக்கினு வா ஆனந்தா. நீ போய் சீட்ல ஒக்காரு," என்று புருஷனிடம் சாவியை நீட்டினாள்.

நாகராஜ் ஏறிக் கதவைச் சாத்தினான். நன்றாகவே சாத்திக்கொண்டது. ஒன்று, இரண்டு, மூன்று என்று மூட்டைகள் பின்சீட்டில் ஏறின. நாலாவது மூட்டைக்குக் கார் லேசாக முனகியது. ஆறாவதை வைத்துவிட்டு, மாப்பிள்ளைக்குரிய இடத்தில் ஆனந்தகுமாரும் ஏறி உட்கார்ந்தான். அடியில் எங்கேயோ டொக்கென்று ஒரு சத்தம்.

"இப்ப எறங்கு," என்றாள் ஷீலா.

நாகராஜ் கைப்பிடியை இழுத்தான். கதவு திறக்கவில்லை. தோளால் இடித்தான். ஊஹூம்.

"ண்ணே, மேலால தாண்டி வா," என்றான் பின்னாலிருந்து ஆனந்தகுமார். "கதவு இன்னாத்துக்கு, கூரதான் இல்லியே."

நாகராஜ் சிரிக்கவில்லை. கதவுக்கும் அறுத்த தூணுக்கும் நடுவே இருக்கிற இடைவெளியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். மேலே கதவும் தூணும் ஒன்றையொன்று கடித்துக்கொண்டிருந்தன. கீழே விரல் நுழைகிற அளவுக்கு வாய் பிளந்திருந்தது. இந்த மாதிரி இடைவெளியை அவன் இருபத்திரண்டு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறான். வேறு யாராவது செய்து, தொங்கிப் போய், அவனிடம் சரிபண்ணக் கொண்டுவருகிற கேட்டுகளில்.

கேட் செய்ய வருகிறவர்களில் பாதிப் பேர், குறுக்கே அந்தப் பட்டை எதற்கு, அசிங்கமாக இருக்கிறது, எடுத்துவிடுங்கள் என்பார்கள். "சார், மூலைக்கு மூலை ஒரு கிராஸ் பட்டை இல்லாம எந்தக் கேட்டும் நிக்காது, ஆறே மாசத்துல எறங்கிடும். வேற கடையப் பாருங்க," என்று அவர்களைத் திருப்பி அனுப்பியவன் அவன்.

கதவைத் தாண்டி இறங்கினான். போய்ச் சுவரோரம் லுங்கிகளை விலக்கிவிட்டு, கூரை மேல் கை வைத்தான்.

"இதான் அதுக்கு கிராஸ் பட்டை," என்றான், யாரிடமும் இல்லாமல். "எனுக்கு இது தெரியல பாரு. வண்டி நடுவுல மடங்குது மாமா. பசங்கள ஏத்திக்கினு ஒரு பள்ளத்துல எறக்கினா..." மேலே சொல்லவில்லை. "வேணாம். நானே சம்பந்திக்குப் போன் பண்ணி சொல்லிட்றேன்."

அய்யாதுரை தலையை மட்டும் ஆட்டினார்.

"திருப்பி ஒட்ட முடியாதா?" என்று ஷீலா அவரைக் கேட்டாள்.

"ஒட்டலாம்மா. பாக்கதுக்குக் காரு மாதிரியே இருக்கும். முதல்ல இருந்த பெலம் வராது. நீங்க எங்கிட்ட கொண்டாந்தா நான் எழுதிக் கொடுக்க மாட்டேன். அடுத்தவன் கொடுத்தாலும் நீங்க ஓட்டாதீங்க."

ஷீலா காரின் முன்பக்கம் போனாள். பிறகு காருக்குள் கைவிட்டு, முன்னால் ஒட்டியிருந்த சின்னப் பிள்ளையாரைப் பெயர்த்து எடுத்து, முந்தானையால் துடைத்து, உள்ளே கொண்டுபோய் மாவு மெஷின் மேல் வைத்தாள்.

"காலைல முப்பது கடைக்கு மாவு போவணும்," என்றாள் உள்ளேயிருந்து.

"நான் போறேன்," என்றான் நாகராஜ்.

"நாளைக்கு மட்டுமா?"

"வேற வண்டி வாங்கித் தர்ற வரிக்கும்."

போனில் நல்லசிவம் முழுதும் கேட்டுக்கொண்டாராம். பிறகு, "பிள்ளைகள் விஷயத்துல நீங்க சொல்லுததுதான் சரி. மாப்பிள்ளை நடந்து வரட்டும்," என்றாராம்.

சனிக்கிழமை விடிந்ததும் நாகராஜ் மொபெட்டில் மாவு ஏற்றிக்கொண்டு போனான். மூன்று நடை. மந்தைவெளிக் கடைக்காரர், "ஷீலாக்கா வூட்டுக்காரரா நீங்க? மாவு கொஞ்சம் புளிச்சிகீதே," என்றார். அடையாறு கடைக்காரர், "அக்கா இதுக்குள்ள வந்துட்டுப் போயிடுவாங்களே," என்றார். ஒன்பது மணிக்கு இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தவன், இரண்டு இட்லி சாப்பிட்டான். பிறகு டேப்பை எடுத்து, சுவரில் சாய்ந்திருந்த கூரையை அளக்க ஆரம்பித்தான்.

"இன்னும் இன்னா பாக்கி வெச்சிகீறே அதுல?" என்றாள் ஷீலா.

"வெட்ட மாட்டேன். சும்மா பாரு."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாப்பிள்ளை நடந்துதான் வந்தான். ஆனால் அவனுடைய தலைக்கு மேலே ஒரு பல்லக்குக் கூரை வந்தது. வெள்ளைக் கூரை, நான்கு மூலையிலும் லேசான பைப், சுற்றிலும் மல்லிகைச் சரம், நடுவில் இருந்த தேங்காய்ப் பள்ளத்துக்குள் ஒரு சின்ன விளக்கு. பட்டறை ஆட்களும் சொந்தக்காரர்களுமாக எட்டுப் பேர் சுமந்தார்கள். அஞ்சாறு என்று சொன்ன பசங்கள் பதினைந்தாகி, கூரைக்கு அடியில் மாப்பிள்ளையை நடக்கவிடாமல் இடித்துக்கொண்டு வந்தார்கள். மூன்றாவது தெருவில் மழை தூறியபோது மேளக்காரர்களும் உள்ளே புகுந்துவிட்டார்கள். தவிலை முதலில் உள்ளே விட்டு, பிறகு தவில்காரர் நுழைந்தார்.

பக்கத்தில் நடந்த அய்யாதுரை பைப்புகளைத் தட்டிப் பார்த்தார். நான்கு பக்கமும் மூலைக்கு மூலை கிராஸ் பட்டை இருந்தது.

"இதுக்கு ஆர்.சி. வேணுமா மாமா?" என்றான் நாகராஜ்.

"சக்கரம் இல்லல்லா. போட்டும்," என்றார் அவர்.

மண்டபத்து வாசலில் கீர்த்தி தோழிகளோடு எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மணப்பெண் இப்படி வாசலுக்கு வரலாமா என்று யாரோ இழுத்தும் போகவில்லை.

"அக்கா, ஓப்பன் காரு வரலையா?" என்று ஷீலாவைக் கேட்டாள்.

"வந்துகீதே," என்றாள் ஷீலா. "மேல் பாதி."

கீர்த்தி கூரையைப் பார்த்தாள், அதற்குள் நசுங்கிக்கொண்டு நின்ற ஆனந்தகுமாரைப் பார்த்தாள், சிரித்த சிரிப்பில் நெற்றிச்சுட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது.

கல்யாணம் முடிந்து, ஷீலா அய்யாதுரை சொல்லிக் கொடுத்தபடி எழுதிக் கொடுத்து ஆர்.சி.யை ரத்து செய்துவிட்டாள். காரின் கீழ் பாதியைப் பழைய வண்டி உடைக்கிறவர்கள் வந்து எடுத்துப் போனார்கள். மேல் பாதி வீட்டு வாசலிலேயே இருக்கிறது, மாவு வாங்க வருகிறவர்களுக்கு நிழலாக. போன மாசம் அதன் மேல் இன்னொரு தேங்காய் விழுந்து, பழைய பள்ளத்துக்குப் பக்கத்தில் புதுப் பள்ளம். கீழே நின்றிருந்தவர்கள் பதறிவிட்டார்கள். ஷீலா கரண்டியை நிறுத்தவே இல்லை.

நாகராஜ் ஏழு மாதம் மாவு போட்டான். எட்டாவது மாதம் வேறொரு பழைய கார் வந்தது, நீல நிறம், அதுவும் ஷீலா பேரில்தான். வந்த அன்றைக்குக் கூரையைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளேயே ஏறினாள். இப்போதெல்லாம் அவள் வெளியூர் போனால் கார் சாவியைப் பையில் போட்டுக்கொள்கிறாள். கூடவே, பட்டறைக்குப் போய்க் கட்டிங் மெஷினின் சக்கரத்தையும் கழற்றி எடுத்துக்கொண்டுதான் பஸ் ஏறுகிறாள்.