ஒன்றுக்கு அடுத்தது பத்து

அன்றைக்குச் சாயங்காலம் காட்கோபரிலிருந்து பேச்சிராஜா வருகிறான், கூட அவன் அண்ணன் நயினாரும். எல்லாம் பெண்டாட்டி மாரிசெல்வியைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போகத்தான். சரி, வாங்க என்று அவளுடைய அம்மா ஆறுமுகத்தாய் போனிலேயே வாக்குக் கொடுத்தாயிற்று. மாரிசெல்வியிடம் கேட்கவில்லையா என்றால், கேட்டார்கள். புருஷன் வீட்டுக்குப் போக மாட்டேன் என்று அவளும் சொன்னாள். பொம்பளை சொல்லும் மாட்டேனை இந்த உலகத்தில் எவன் காதில் வாங்கினான்? நாலு சேலையை மடித்துப் பையில் திணித்து, பையைக் கதவோரம் சாத்தி வைத்துவிட்டாள் அம்மா.

இந்த லட்சணத்தில் மத்தியானம் கிங்ஸ் சர்க்கிளுக்குப் போய்ப் பொம்மைச் சண்டைக்காரர்களோடு பேசிவிட்டு வருகிறேன் என்று மகள் கிளம்பினால் எந்தத் தாய்க்குத்தான் பற்றிக்கொண்டு வராது. புத்தி பிரண்டு போச்சாட்டி என்று ஆறுமுகத்தாய் கத்தினாள். மாரிசெல்வி செருப்பை மாட்டிக்கொண்டு, அவர்கள் வருவதற்குள் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

பேச்சிராஜா குடிக்க மாட்டான். பீடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. அதனால் சொந்தக்காரர்களிடம் அவனுக்கு ஏக மரியாதை. காலையில் வேலைக்குப் போகும்போது பெண்டாட்டியை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டுப் போவான், அவ்வளவுதான், தங்கமான பையன்! திரும்பி வந்து பூட்டைத் திறந்ததும், இன்றைக்கு யாரிடம் பேசினாய் என்பான். யாரிடமும் இல்லை என்றால் கன்னத்தில் ஒன்று விழும். ஒருநாள் பூட்ட மறந்து போய்விட்டான். உடுத்தின துணியோடு ரயிலேறித் தாராவிக்கு, அம்மா வீட்டுக்கு வந்து சேர்ந்தாள் மாரிசெல்வி. பின்னாலேயே வந்தான், அழுதான், அம்மன் மேல் சத்தியம் பண்ணினான். நம்பிப் போனாள். மறுநாள் காலையிலேயே பூட்டு விழுந்தது. இரண்டாம் தடவை ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் கெஞ்சி, அவள் கல்லெடுத்துப் பூட்டை உடைத்த பிறகுதான் வெளியே வர முடிந்தது.

அதற்கப்புறம் காசிம் பாயின் தோல்பைப் பட்டறையில் சேர்ந்து மிஷினில் பை தைத்தாள். பாயின் மகள் அஃப்ஷா காலேஜில் படிக்கிறவள். அவளுக்கு எம்பர்ஹோல்ட் பைத்தியம். மேஜை மேல் விரல் உயரத்துப் பொம்மைகளைப் படை படையாக நிறுத்தி, பகடை உருட்டி, டேப் வைத்து அளந்து நகர்த்திச் சண்டை போடுகிற ஆட்டம் அது. அந்த ஆட்டத்துக்கென்றே தனியாக ஓர் அண்டம் இருக்கிறது. அங்கே சூரியன்கள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டிருக்கும், மிச்சமிருக்கிற வெளிச்சத்துக்காக எல்லாரும் எல்லாரையும் வெட்டுவார்கள். அந்தக் கதைகளைக் குரலும் சத்தமுமாக நாடகம் பண்ணி இந்தியிலும் விட்டிருந்தார்கள். அஃப்ஷா அதில் ஒன்றை மாரிசெல்வியின் பழைய போனில் ஏற்றிக்கொடுத்து, கேட்டுப் பாருங்கக்கா என்றாள்.

முதலில் எரிச்சல்தான் வந்தது. எதற்கு இத்தனை பேர் தொண்டை கிழியக் கத்துகிறான்கள், ஒருத்தனுக்காவது மெதுவாகப் பேச வராதா என்று அஃப்ஷாவைத் திட்டினாள். பிறகு நெஸ்ரா வந்தாள். கார்வன் கோட்டையின் சிக்னல்காரி. மற்றவர்கள் எல்லாம் செத்தோ ஓடியோ போக, உள்ளே தனியாகக் கதவைத் தாழிட்டுக்கொண்டு நிற்கிறவள். அவள் கத்த மாட்டாள். தலைக்கவசத்துக்குள்ளே மூச்சு விடுகிற சத்தம்தான் பாதி நேரம் கேட்கும். வெளியே வோஸ்கர் என்கிற தளபதி தேன் ஒழுகப் பேசுவான்: கதவைத் திற, உன்னை யாரும் ஒன்றும் செய்ய மாட்டார்கள். அந்தக் குரலைக் கேட்டபோது மாரிசெல்வியின் கால் மிஷின் பெடலிலேயே நின்றுவிட்டது. இந்தக் குரலை அவளுக்குத் தெரியும்.

அன்றிலிருந்து ஒரே நாடகம்தான். தோலில் ஊசி இறங்குகிற சத்தமும் கோட்டைச் சுவரில் குண்டு விழுகிற சத்தமும் ஒன்றாகக் கலந்து கேட்கும். அம்மா திரும்பிப் போகச் சொல்லி நச்சரிக்கிற ஒவ்வொரு நாளும் கடைசிப் பகுதியைப் போட்டுக் கேட்பாள். அதில் நெஸ்ரா தாழ்ப்பாள் மேல் கையை வைத்துக்கொண்டு, நான் இங்கேதான் இருக்கிறேன் என்பாள். அதோடு நாடகம் முடிந்துவிடும். வீட்டில் வெங்காயம் உரிக்கும்போது அம்மாவுக்கும் இந்தக் கதையைச் சொல்லத் தொடங்குவாள். கோட்டைக்காரி புராணம் ஆரம்பிச்சாச்சா என்று ஆறுமுகத்தாய் பாதியிலேயே எழுந்து போய்விடுவாள். அந்தக் கடைசிப் பேச்சு இல்லையென்றால் மாரிசெல்வி என்றைக்கோ பையைத் தூக்கியிருப்பாள். இதில் பொய்யே கிடையாது.

கிங்ஸ் சர்க்கிளில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேலே மாடி அறையில்தான் அந்த ஆட்டக்காரர்கள் கூடுவது. ஆட்டம் முடிந்ததும் ஏதாவது ஒரு ஒலிநாடகத்தைப் பற்றி ஆளாளுக்குத் தன் மனசில் பட்டதைச் சொல்வார்கள். அன்றைக்குக் கார்வன் கோட்டையின் முறை. நீங்க பேசாம யாருக்கா பேசுவா என்று அஃப்ஷா பிடிவாதமாக இழுத்துக்கொண்டு வந்தாள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. யாரைப் பற்றிப் பேசுகிறோமோ அந்தப் பொம்மையைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். பொம்மை கையில் இருக்கிறவரைக்கும் குறுக்கே ஒருத்தரும் வாய் திறக்கக் கூடாது. கீழே வைத்தால்தான் அடுத்தவர் பேசலாம்.

பத்மஜா என்கிற பெண் தானே வர்ணம் தீட்டிய நெஸ்ரா பொம்மையை நீட்டினாள். மாரிசெல்வி அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பேசினாள். முதலில் நாக்கு புரளவில்லை, பிறகு மடை திறந்துவிட்டது. எனக்கு ரொம்பப் பிடித்தது அந்தக் கனவுதான் என்றாள். தொடக்கத்திலேயே நெஸ்ராவுக்கு ஒரு கனவு வருகிறதே, அதில் அசதியில் கதவைத் திறந்துவிடுகிறாள், வோஸ்கர் உள்ளே வந்து அவளைச் சங்கிலியில் கட்டி இழுத்துப் போகிறான். அப்புறம் விழித்துக்கொள்கிறாள். திறந்தால் என்ன ஆகும் என்று அவளுக்கு முன்னாலேயே தெரியும், அதனால்தான் கடைசிவரை திறக்கவில்லை, இதைவிட நல்ல கதையை நான் கேட்டதே இல்லை என்று சொல்லி முடித்துப் பொம்மையை மேஜையில் வைத்தாள்.

அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்த ரெண்டு பேர் சிரித்துவிட்டார்கள். ஒருவன் தலையில் அடித்துக்கொண்டான். குழுவை நடத்துகிற வெங்கடேஷ் அவர்களைக் கையமர்த்தினான். பையன் மரியாதைக்காரன்தான், ஆனாலும் அந்த மரியாதையில் ஒரு இரக்கம் இருந்ததே, அதுதான் மாரிசெல்விக்குத் தாங்கவில்லை.

"நீங்க சொன்ன கதை நன்னா இருக்கு. ஆனா அது கனவு இல்லை. பத்தாவது பாகத்துல நெஸ்ரா நிஜமாவே கதவைத் திறந்துடறா. அதுக்கப்புறம் ரெண்டு பாகமும் சங்கிலிதான், கதையே அப்படித்தான் முடியறது."

பத்மஜா மாரிசெல்வியின் போனை வாங்கிப் பார்த்தாள். திரை உடைந்து பாதி எழுத்து தெரியவில்லை. பன்னிரண்டு பாகம், வெறும் எண்களாகப் பெயர் வைத்து ஏற்றியிருக்கிறது, பழைய போன் முதல் இலக்கத்தைப் பார்த்து அடுக்கிவிட்டது என்று விளக்கினாள். ஒன்று முடிந்ததும் பத்து, பதினொன்று, பன்னிரண்டு. அதற்குப் பிறகுதான் இரண்டு, நெஸ்ரா தூங்கி எழுகிற பாகம். ஒன்பது கடைசி. அஃப்ஷா முகம் செத்துப்போய் நின்றாள், ஏற்றிக்கொடுத்தவள் அவள்தானே.

எதற்காகத் திறந்தாள் என்று மாரிசெல்வி கேட்டாள். எல்லாரும் ஒருநாள் உடைந்துதான் போவார்கள், அதைச் சொல்லத்தான் இந்த நாடகமே, அதனால்தான் இது அவ்வளவு உசத்தி என்றான் வெங்கடேஷ். மற்றவர்களும் தலையாட்டினார்கள். அந்தத் தாழ்ப்பாள் திறக்கிற சத்தத்தில் தனக்கு அழுகை வந்துவிட்டதாக ஒருவன் சொன்னான். ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு அடுத்தவள் கதவு திறப்பதைக் கேட்டு அழுவதற்கு என்ன வந்தது? அது சுகமான அழுகை.

மாரிசெல்வி பொம்மையை மறுபடி கையில் எடுத்தாள். எல்லாரும் சட்டென்று வாயை மூடிக்கொண்டார்கள், வழக்கம் வழக்கம்தான். ஆனால் அவளுக்கு ஒரு வார்த்தை வரவில்லை. அப்படியே எழுந்து படியிறங்கிவிட்டாள். அஃப்ஷா பின்னால் கூப்பிட்டதுகூடக் காதில் விழவில்லை.

நடந்தே வந்தாள். வழியில் ஒரு பஸ் நிறுத்தத்தில் நின்று, பத்மஜா காட்டினபடி, ஒன்பதை முடித்துப் பத்தைத் தேடிப் போட்டாள். நான் இங்கேதான் இருக்கிறேன் என்றாள் நெஸ்ரா. அடுத்தாற்போல் அதே மூச்சு, அதே குரல், தாழ்ப்பாள் நகர்கிற சத்தம். எத்தனையோ தடவை கனவு என்று கேட்ட சத்தம்தான். அடிப்பாவி, நீயுமா என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். இத்தனை நாள் எதைப் பிடித்துக்கொண்டு நின்றோமோ அது ஒரு ஓட்டை போன் பண்ணின கோளாறா? அப்படியென்றால் வீட்டிலிருக்கிற பையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதானா? இயர்போனைப் பிடுங்கிக் கைப்பைக்குள் போட்டபோதுதான் தெரிந்தது, இன்னொரு கையில் பத்மஜாவின் பொம்மை அப்படியே இருக்கிறது.

வீட்டுக்கு வந்தபோது நயினார் நாற்காலியில் இருந்தான், பேச்சிராஜா பாயில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். மாரிசெல்வியைப் பார்த்ததும் டம்ளரைக் கீழே வைத்தான். இளைத்துப் போயிட்டியே என்றான். நயினார் நியாயம் பேசினான்: கோபதாபம் எல்லா வீட்டிலும் உண்டு, தம்பி திருந்திட்டான், நாலு பேர் நம்ம குடும்பத்தைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. ஆறுமுகத்தாய் பையை எடுத்து மகளின் காலடியில் வைத்தாள். அவள் கண் கலங்கியிருந்தது, மகளை அனுப்பிவைக்கிற சந்தோஷம் ஒன்றும் அதில் இல்லை.

"இனிமே பூட்ட மாட்டேன். வா. உன்னை யாரும் ஒண்ணும் செய்ய மாட்டாவ," என்றான் பேச்சிராஜா.

தேன் ஒழுகிற்று. மாரிசெல்வி அவனையே பார்த்தாள். கைக்குள் பொம்மையின் வாள் முனை உள்ளங்கையில் குத்திக்கொண்டிருந்தது. கிங்ஸ் சர்க்கிளில் வராத வார்த்தை இங்கே வந்தது.

"நான் வந்தா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். ஒருத்தரும் சொல்லித் தெரியல, இருந்து பாத்துட்டு வந்தவ நான்."

நயினார் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் நிறுத்தவில்லை. பொம்மை அவள் கையில் இருந்தது. அந்த வழக்கம் அவனுக்குத் தெரியாவிட்டால் என்ன, அவளுக்குத் தெரியும்.

"போன தடவ இதே பாயில இருந்துதான் அழுதிய. நம்பி வந்தேன். மறுநாளு பூட்டுனிய. எல்லாரும் கடைசியில ஒடஞ்சு போயித்தான் தொறப்பாவன்னு சொல்லுதாவ. எங் கதையில அது மொதல்லயே நடந்து முடிஞ்சிட்டு. ஒடஞ்சதும் ஆச்சு, தொறந்ததும் ஆச்சு, சங்கிலியும் பாத்தாச்சு. அதுக்கப்புறம் முழிச்சவ நான். இனிமே வரமாட்டேன்."

பேச்சிராஜாவுக்குக் கதையும் புரியவில்லை, கோட்டையும் தெரியாது. வரமாட்டேன் மட்டும் புரிந்தது. தேன் வற்றிப் பழைய முகம் வந்துவிட்டது. எவன் சொல்லிக்கொடுத்தான் இதையெல்லாம், யாரிடம் பேசிவிட்டு வருகிறாய் என்று எழுந்தான். கையும் மேலே போய்விட்டது. பெற்றவள் வீட்டில், பெற்றவள் கண் முன்னாலேயே.

ஆறுமுகத்தாய் இடையில் வந்து நின்றாள். மாப்பிள்ளை என்று கூப்பிடவில்லை, உறவு எதுவும் சொல்லவில்லை. கீழே கிடந்த பையை எடுத்து உள்ளே பெட்டிக்குப் பின்னால் வைத்தாள். வாக்குக் கொடுத்தது நான், திருப்பி எடுத்துக்கிடுததும் நான்தான், நீங்க கிளம்புங்க என்றாள். நயினார் என்னென்னவோ சொல்லிப் பார்த்தான், ஊரில் பஞ்சாயத்து வைப்பேன் என்றான். வையுங்க என்றாள். சந்து முனை வரைக்கும் பேச்சிராஜாவின் ஏச்சு கேட்டது.

ஆறுமுகத்தாய் கதவைச் சாத்தி, உள்ளே தாழ்ப்பாள் போட்டாள். போட்டதை ஒருதரம் இழுத்துப் பார்த்தாள். பிறகு மகளுக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து, அவள் கையை விரித்து, அந்தச் சின்னப் பொம்மையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இவதானா அந்தக் கோட்டைக்காரி? கடைசியில கதவத் தொறந்தாளா, இல்லியா?"

"தொறக்கலம்மா," என்றாள் மாரிசெல்வி.