எண்ணெய் குடித்த இஞ்சின்

அன்று காலை பட்டறைக்குள் இருந்தவர்கள் நான், என் தம்பி, தம்பியின் மனைவி, என் மகள், அவளுடைய கணவர். வேறு யாரும் இல்லை. எதிர்ப் பட்டறை வெல்டர் தெருவில், கம்பிச் சன்னலுக்கு அந்தப் பக்கம் நின்றார். தெருவில் நின்றவர் உள்ளே இருந்தவர் ஆகமாட்டார். இதை முதலிலேயே எழுதி வைக்கிறேன். எங்கள் குடும்பத்தைப் பற்றி யாரும் வாய்க்கு வந்தபடி பேசி நான் பொறுத்துக்கொண்டதில்லை.

இஞ்சின் எங்கள் அப்பா ஓட்டிய லாரியுடையது. கொட்டகையில் வருடக்கணக்காகக் கிடந்து, உள்ளே எல்லாம் தேய்ந்து, கையால் சுற்றினால்கூட அசையாத நிலைக்கு வந்திருந்தது. தம்பி அதைத் திருகாணி திருகாணியாகப் பிரித்தான். கிராங்க் தண்டைச் சாணை பிடித்தான். லைனர், பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் மாற்றினான். பழைய மாடல் என்பதால் ஒரு ரிங் செட்டுக்காகக் கடை கடையாக ஏறி இறங்கினான். எல்லாம் பூட்டி, லாரியில் ஏற்றும் முன் ஓட்டிப் பார்ப்பதற்காக இரும்பு ஸ்டாண்டில் நிறுத்தியிருந்தோம்.

அப்பா போட்ட விதி ஒன்று எங்கள் பட்டறையில் உண்டு. இஞ்சின் வேலை நடக்கும் அறைக்குள் செருப்பு வரக்கூடாது. காலோடு வரும் ஒரு துளி மணல் பேரிங்கைத் தின்றுவிடும். எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் வாசலில் கழற்றிவிட்டுத்தான் வர வேண்டும். அன்றும் ஐந்து ஜோடி வாசலில் கிடந்தன.

மாப்பிள்ளை வயரிங் வேலை செய்பவர். கெட்டிக்காரர். ஆனால் சத்தம் கேட்டால் தோள் குலுங்கும். தம்பிக்கு அது போதும்.

முந்தின நாள் மாப்பிள்ளை ஸ்டாண்டை ஆட்டிப் பார்த்து, "இந்த நாலு போல்ட்டு பத்தாது, சின்ன மாமா" என்றார்.

"பல்பு வெடிச்சாலே பத்தடி தள்ளி நிக்கிற ஆளு நீங்க. எனக்கு போல்ட்டு எண்ணிக் குடுக்குறீங்களா?" என்றான் தம்பி.

அதிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. நடுவில் மாட்டிக்கொண்டவள் என் மகள்.

"உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லும்மா, பேட்டரி வயர் லூசா இருக்குன்னு."

"உன் சித்தப்பாகிட்ட சொல்லு, லூசா இருக்கிறது வயர் இல்லன்னு."

"தபால்காரி வேலைக்கு யாரு சம்பளம் குடுக்கிறது?" என்றாள் அவள். தம்பியின் மனைவி சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. ஒரே வீட்டில் இரண்டு ஆண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு இஞ்சினைப் பூட்டுவது எனக்கு நல்லதாகப் படவில்லை.

அன்று காலை தம்பி சுவிட்சைத் திருகினான். இஞ்சின் இருமியது. மறுபடி இருமியது. பிறகு பிடித்துக்கொண்டு, சீராக ஓடத் தொடங்கியது.

"மாமா காலையில எழுந்து இருமுற மாதிரியே இருக்கு" என்று எங்கள் அப்பாவைச் சொல்லி, தம்பி மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

அந்தச் சீரான ஓட்டம் அதிக நேரம் நிற்கவில்லை. சத்தம் மெல்ல ஏறியது.

"யாரு ரேஸ் குடுக்கிறது?" என்றான் தம்பி. யாரும் தொடவில்லை. அவன் எட்டி, இஞ்சினை நிறுத்தும் லீவரை இழுத்தான். அதை இழுத்தால் டீசல் அடைபடும். எந்த இஞ்சினும் அடங்கிப் போகும். இது அடங்கவில்லை. டீசல் இல்லாமலே இன்னும் வேகமாக ஓடியது.

இது என்னவென்று எனக்குத் தெரியும். நான் லாரி ஓட்டிய காலத்தில், வேறு ஒரு ஊர்க் கொட்டகையில் ஒரு இஞ்சின் இப்படித்தான் தன் எண்ணெயைத் தானே குடித்து ஓடியது. கடைசியில் அதன் பின்னால் சுழலும் கனத்த ஃபிளைவீல் சக்கரம் பிய்த்துக்கொண்டு செங்கல் சுவரைத் துளைத்து அடுத்த வீட்டுக்குள் போய் விழுந்தது. அதற்கு நேரே நின்றவரைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. இப்போது அதே இடத்தில் என் தம்பி நின்றான்.

தரை அதிர்ந்தது. மேசை மேல் இருந்த ஸ்பேனர்கள் தாமாக நகர்ந்து ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தன. விழுந்த சத்தம் கேட்கவில்லை. வெள்ளைப் புகை கூரைவரை நிறைந்தது. ஸ்டாண்டின் ஒரு கால் தரையிலிருந்து எழும்பி எழும்பி உட்கார்ந்தது. நாலு போல்ட்டு.

மாப்பிள்ளை வாசலை நோக்கி ஓடினார். கட்டிய மனைவி சுவரோடு ஒட்டி நிற்க, அவளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடினார். அந்தப் பயத்திலும் எனக்கு முகம் கூசியது.

"டேய், வெளிய வாடா!" என்று தம்பியைப் பார்த்துக் கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அவன் வரவில்லை. மூச்சை அடைத்தால்தான் இனி இது நிற்கும் என்று அவனுக்கும் தெரியும். காற்று போகும் ரப்பர் குழாயைப் பிய்த்து எறிந்தான். டம்ளர் அகலத்துக்கு ஒரு வாய் திறந்தது. சுற்றும் முற்றும் பார்த்தான். பலகை, தகரம், எதுவும் எட்டவில்லை. வலது உள்ளங்கையை அதன் மேல் வைத்தான்.

இஞ்சின் கையைப் பிடித்துக்கொண்டது. அவன் இழுத்தான், வரவில்லை. ஓரத்தில் கிடைத்த காற்றை வைத்துக்கொண்டு அது அடங்குவதும் சீறுவதுமாக இருந்தது. அவன் வாய் திறந்திருந்தது. அலறினான் என்று நினைக்கிறேன். என் காலை எடுத்து வைக்கப் பார்த்தேன். அது தரையோடு இருந்தது.

புகைக்குள் மாப்பிள்ளை வந்தார். தலைக்கு மேல் ஒரு செருப்பு. நேராகத் தம்பி மேல் பாய்ந்து, தோளால் இடித்து அவனைத் தள்ளினார். தோல் உரிந்து கை விடுபட்டது. தம்பி விழுந்தான். இஞ்சின் ஒரு கணம் முன்பைவிடப் பெரிதாக ஊளையிட்டது. மாப்பிள்ளை செருப்பை அதன் வாயில் கவிழ்த்து, இரண்டு கையும் நெஞ்சும் வைத்து அழுத்தினார். இஞ்சின் உதறியது, விக்கியது, நின்றது.

அவ்வளவு அமைதியை அந்தத் தெருவில் நான் கேட்டதில்லை.

தம்பி தரையில் உட்கார்ந்தபடியே சொன்னான். "மாப்ள... அது அண்ணன் செருப்பு."

"என்னுது மெல்லிசு, சின்ன மாமா. உறிஞ்சி உள்ள இழுத்துரும். மாமாவோடது டயர் அடி."

"இந்த ரூமுக்குள்ள செருப்பு வரக்கூடாது."

"அடுத்த தடவை வெளியவே விட்டுட்டு வரேன்."

தம்பி சிரித்தான், சிரிப்பு பாதியில் அழுகையானது. என் மகள் அவன் கையைத் துணியால் சுற்றினாள். தோல் பெயர்ந்திருந்தது. விரல்கள் ஐந்தும் இருந்தன.

காரணம் உடனே தெரிந்தது. பழைய இஞ்சினில் காற்று ஒரு எண்ணெய்க் கிண்ணத்தைத் தாண்டித்தான் உள்ளே போகும். தூசி எண்ணெயில் தங்கிவிடும். கிண்ணத்தில் ஒரு கோடு உண்டு. கோட்டைத் தாண்டி ஊற்றினால் காற்றோடு எண்ணெயும் உள்ளே போய்த் தேங்கி, டீசலுக்குப் பதிலாக எரியும்.

"நான் நேத்தே கோடு வரைக்கும் ஊத்திட்டேனே" என்றான் தம்பி.

மாப்பிள்ளையின் முகம் வெளுத்தது. "நானும் காலையில கிண்ணத்தைக் கழற்றாம, மேல இருக்கிற கம்பி வலை வழியாவே அளந்து ஊத்தினேன். நீங்க ஊத்தலைன்னு நினைச்சேன்."

"ஊத்தியாச்சுன்னு ஒரு வார்த்தை!" என்றாள் என் மகள். "அதுக்குக்கூடவா ஒரு தபால்காரி வேணும்?"



அப்பாவின் இஞ்சினின் வாயில் என் செருப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. தம்பி மனைவி பதறி அதை எடுக்கப் போனாள். "விடு. இஞ்சின் நல்லா ஆறட்டும்" என்றேன்.

பிறகு தம்பியும் மாப்பிள்ளையுமாகச் சேர்ந்து மறுபடி பிரித்துப் பார்த்தார்கள். பேரிங்குகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஸ்டாண்டுக்கு மாப்பிள்ளை கேட்ட போல்ட்டுகளைத் தம்பி தன் இடது கையால் முறுக்கினான். இஞ்சின் இப்போது லாரியில் ஓடுகிறது.

வெல்டர் சன்னல் வழியாகப் புகையில் பார்த்தது, ஒருவர் வெளியே ஓடியதையும், செருப்பை ஓங்கிக்கொண்டு உள்ளே வந்ததையும், என் தம்பி விழுந்ததையும். முந்தின நாள் சண்டை அவர் காதில் ஏற்கெனவே விழுந்திருந்தது. மாலைக்குள் தெரு முழுக்க, மாப்பிள்ளை மனைவியின் சித்தப்பாவைச் செருப்பால் அடித்தார், அதனால்தான் கையில் கட்டு என்று பேச்சு. இன்னும் பேசுகிறார்கள்.

மாப்பிள்ளை யாரையும் அடிக்கவில்லை. அது என் இடது கால் செருப்பு. அது பட்டது இஞ்சின் மேல் மட்டும்.