ஞாயிறு ஒன்பதே கால்

"பிளக் எங்க கீது தம்பி?" என்று கேட்டபடி ஐஸ் பெட்டிக்காரர் வயரை இழுத்துக்கொண்டு கூடத்துக்குள் வந்தார். கூடத்தில் இருந்தது ஒரே பிளக். அதில் போனும் நெட்டும் சேர்ந்த ரவுட்டர் பெட்டி செருகியிருந்தது. ஃப்ரெடி குனிந்து அதைப் பிடுங்கப் போனான்.

"அத புடுங்காதடா. ஜானட்டு போன் பண்ணா?"

விடியற்காலை கணவர் ஸ்டானிஸ்லாஸின் மூச்சு நின்றதிலிருந்து வியாகுலம்மாள் வாயைத் திறந்தது அப்போதுதான். ஃப்ரெடியின் கை பிளக்கிலேயே நின்றது. அக்கா ஜானட்டின் நம்பரிலிருந்து அந்தப் போனுக்கு மணி அடிக்காது என்பது அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

"செல்லுல சொல்லிட்டேம்மா. வந்துகினு கீது."

"இருக்கட்டும். புடுங்காத."

எதிர்வீட்டில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கி வந்து ஐஸ் பெட்டிக்குக் கரண்ட் கொடுத்தார்கள். போன் மேசையை நகர்த்த இடமில்லை. அது நைனாவின் தலைமாட்டிலேயே இருந்தது.

ஜனவரியில் ஜானட் வியாசர்பாடியைச் சேர்ந்த அறிவு என்பவரைப் பதிவு அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொண்டாள். பாதர் இல்லை, கோயில் இல்லை, மாப்பிள்ளை புத்த மதம். ஸ்டானிஸ்லாஸ் மூன்று நாள் சாப்பிடவில்லை. நான்காம் நாள் ஃப்ரெடியைக் கூப்பிட்டார்.

"அவ போனு இந்த வூட்ல அடிக்கக் கூடாது. எவனாலயும் எடுக்க முடியாத மாதிரி பிளாக் போடு."

ஹார்பர் பக்கம் ஒரு கிளியரிங் ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருபவன் என்பதால் ஃப்ரெடிக்குத் தெருவில் பெரிய பேர். அந்தப் பேருக்குத் தகுந்த மாதிரி செய்தான். அக்காவின் நம்பரைத் தடுப்புப் பட்டியலில் ஏற்றினான். அங்கிருந்து அடித்தால் இனி எங்கேஜ் சத்தம்தான் கேட்கும். அதோடு விட்டானா? ரவுட்டர் பெட்டிக்குள் நுழையும் முகவரி எண்ணையும் பாஸ்வேர்டையும் மாற்றி, இரண்டையும் உரக்கப் படித்துக் காட்டினான். "இது தெரியாம எவனும் உள்ள போவ முடியாது நைனா."

கோபம் ஈஸ்டர் வரைக்கும்தான் தாங்கியது. பூசை முடிந்து வந்தவர் சட்டையைக் கழற்றாமல் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றார்.

"டேய், அத எடுத்துடேன்."

"எத?"

"தெரியாத மாதிரி கேக்காத."

ஃப்ரெடிக்கு எண்ணும் மறந்துபோயிருந்தது, பாஸ்வேர்டும் மறந்துபோயிருந்தது. பெட்டியின் பின்னால் உள்ள சின்ன ஓட்டையில் குண்டூசியால் குத்தினால் எல்லாம் அழியும். கூடவே போனும் நெட்டும் போய்விடும். கம்பெனி ஆள் வந்து சரிசெய்ய ஒரு வாரமாகும். பேஜாரு பிடித்த வேலை. சாயங்காலம், "எடுத்துட்டேன் நைனா" என்றான். அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தான். அவனுக்கு எல்லாமே அடுத்த வாரம்தான்.

அன்று முதல் ஞாயிறுதோறும் பூசையிலிருந்து வந்ததும் ஸ்டானிஸ்லாஸ் கோயில் சட்டையோடு போன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். "யாரும் எடுக்காதீங்க, நான் எடுக்கறேன்" என்று உத்தரவு வேறு. மணி அடித்தால் ராங் நம்பராக இருக்கும், அல்லது வியாகுலம்மாளின் தங்கையாக இருக்கும். நீயே பேசேன் என்று வியாகுலம்மாள் சொன்னால், "அவதான மொதல்ல அடிக்கணும்" என்பார். பன்னிரண்டு மணிக்கு எழுந்து சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுச் சாப்பிடப் போவார். நேற்றும் உட்கார்ந்திருந்தார்.

"இந்தக் காலண்டர எடுத்தா இங்க சிலுவைய மாட்டிடலாம்" என்றார் ஐஸ் பெட்டிக்காரர்.

ஃப்ரெடி கோயில் காலண்டரை ஆணியிலிருந்து கழற்றினான். பின்னால் மடக்கியிருந்த தாள்கள் சரிந்து, ஜனவரி மேலே வந்தது. ஓர் ஓரத்தில் நைனாவின் பொடி எழுத்து. 10.27.4.1. அதன் கீழே பாஸ்வேர்ட். அதற்கும் கீழே, 'ஜானட்'.

துறைமுகத்தில் முப்பது வருஷம் டேலி கிளார்க்காகச் சரக்குப் பெட்டி எண்களைக் குறித்தவர். காதில் ஒரு எண் விழுந்தால் எங்காவது எழுதிவைக்காமல் அவரால் இருக்க முடியாது. இது ஃப்ரெடிக்குத் தெரியும். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் காட்டியிருப்பார். கேட்டால் பொய் சொன்னது தெரிந்துவிடும் என்று கேட்கவில்லை. எட்டு மாதமாக அது அவன் மூஞ்சிக்கு நேராகத் தொங்கியிருக்கிறது.

உள்ளறைக்குப் போய்க் கம்ப்யூட்டரைப் போட்டான். எண்ணை அடித்ததும் திறந்துகொண்டது. தடுப்புப் பட்டியலில் ஒரே நம்பர். அதன் கீழே, தடுக்கப்பட்ட அழைப்புகள். ஒரு பக்கம் முழுக்க ஓடி அடுத்த பக்கத்துக்கும் போயிருந்தது. எல்லாம் ஒரே நம்பர், எல்லாம் ஞாயிறு, எல்லாம் காலை ஒன்பதே கால். முதல் வரியில் நேற்றைய தேதி இருந்தது.

அந்த நம்பரை நீக்கவா என்று கேட்டது. அழுத்தினான். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. அவனுக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

ஜானட் வந்தபோது பெண்கள் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அறிவு செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வரலாமா என்று தெரியாமல் வாசலிலேயே நின்றார். ஜானட் ஐஸ் பெட்டியின் கண்ணாடி மேல் கையை வைத்து நைனாவையே பார்த்தாள். பிறகு தம்பியிடம் மெதுவாகச் சொன்னாள்.

"வாரா வாரம் அடிச்சேன்டா. பூசலேந்து வர்ற நேரம் பாத்து. எப்பவும் எங்கேஜ். நைனா ரிசீவர எடுத்துக் கீழ வெச்சிடுவாருன்னு நெனச்சேன். இவரு தன்னோட போன்லேந்து அடிக்க சொன்னாரு. நான்தான்னு தெரிஞ்சி எடுக்கட்டும்னு இருந்துட்டேன்."

வியாகுலம்மாள் நிமிர்ந்தாள். "இன்னாடி சொல்ற? அந்த மனுசன் அதும் பக்கத்துலயே குந்தினு இருந்தாரே."

இரண்டு பேரும் ஃப்ரெடியைப் பார்த்தார்கள். லைன் கோளாறு என்று சொல்லலாம். அழைப்புப் பட்டியலை அழித்துவிட்டால் சாட்சியும் இல்லை. சொல்வதற்காக வாயைத் திறந்தான். வேறு வார்த்தை வந்தது.

"நான்தான்க்கா உன் நம்பர பிளாக் பண்ணேன். நைனா ஈஸ்டர் அப்பவே அத எடுக்க சொல்லிட்டாரு. எடுத்துட்டேன்னு பொய் சொல்லிட்டேன். நீ அடிப்பன்னு நேத்து வரிக்கும் குந்தினு இருந்தாரு."

ஜானட் அவனை அடிக்கவில்லை. திட்டவும் இல்லை. கைப்பையிலிருந்து செல்லை எடுத்து, எண்களை ஒவ்வொன்றாக அழுத்திக் காதில் வைத்தாள்.

தலைமாட்டில் போன் அடித்தது. செபமாலை பாதியில் நின்றது. பக்கத்தில் இருந்த ஒருத்தி ரிசீவர் பக்கம் கையை நீட்டினாள்.

"யாரும் எடுக்காதீங்க" என்றாள் வியாகுலம்மாள்.

ஜானட் செல்லைக் காதிலிருந்து எடுக்கவில்லை. போன் அடித்து அடித்து, தானாக நின்றது.