எண்பத்திரண்டாம் செட்

சனிக்கிழமை மத்தியானம் ஆகிவிட்டால் பல்செட்காரருக்கு இருப்புக் கொள்ளாது. மேஜைமேல் யாருடைய கீழ்வரிசையோ மெழுகில் பாதி நின்றுகொண்டிருக்கும். அதை அப்படியே துணியால் மூடிவிட்டு எழுந்து கை கழுவுவார். நகக்கண்ணில் ஏறிய பிளாஸ்டர் மட்டும் எவ்வளவு தேய்த்தாலும் போகாது. கல்லூரிக் கால்பந்து அணியின் சிவப்பு மஃப்ளரைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு மைதானத்துக்குக் கிளம்பிவிடுவார். வெயில் மண்டையைப் பிளந்தாலும் மஃப்ளர் உண்டு.

வாரத்தில் மற்ற நாளெல்லாம் அவருக்குப் பற்கள்தான் துணை. டாக்டர்கள் எடுத்த வாய் அச்சுகள் பெட்டியில் வரும், இவர் செய்த செட்டுகள் அதே பெட்டியில் போகும். ஊரில் ஆயிரம் பேராவது அவர் தயவில் கடித்து மென்றுகொண்டிருந்தார்கள். அதில் ஒரு முகமும் அவருக்குத் தெரியாது. மனைவி போய்ப் பதினைந்து வருஷம் ஆகிறது. பிள்ளை குட்டி இல்லை. ஞாயிற்றுக்கிழமை அக்கா போன் செய்து, "சாப்பிட்டியா, முட்டி வலி எப்படி இருக்கு" என்று கேட்பாள். பதில் வருவதற்குள் தன் மருமகள் கதையை ஆரம்பித்துவிடுவாள். அதனால் அவர் வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசுகிற இடம் என்று உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது மைதானத்தில் பழைய மாணவர் பகுதி, ஏழாம் வரிசை, ஓரத்து நாற்காலி.

பெரிய சிக்கல் என்னவென்றால், அந்தக் கல்லூரியில் அவர் படித்ததில்லை.

பதினான்கு வருஷத்துக்கு முன்னால், வீட்டில் ஒற்றை ஆளாக உட்கார்ந்திருக்க முடியாமல் ஒரு சனிக்கிழமை கால்போன போக்கில் நடந்து மைதானத்துக்கு வந்தார். பொதுப் பகுதியில் மழைத்தண்ணீர் தேங்கி நின்றதால், டிக்கெட் கொடுத்தவர் இவரைப் பழைய மாணவர் பகுதிக்கு அனுப்பிவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணக்கு டீச்சர், "நீங்க எந்த செட்டு?" என்று கேட்டார். எந்த வருஷம் கல்லூரியில் சேர்ந்தவர் என்று அர்த்தம். இவர் விழித்தார். நல்லவேளையாக அந்த நேரம் பார்த்து இடைவேளை விட்டது.

இடைவேளை என்றால் அங்கே ஒரு வழக்கம். மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒருவர் வருஷங்களை வரிசையாகக் கூப்பிடுவார். அந்தந்தச் செட்டு ஆட்கள் எழுந்து நிற்பார்கள். மற்றவர்கள் ஒப்புக்கு இரண்டு தட்டுத் தட்டுவார்கள். எண்பத்தொன்று வந்தது, பத்துப் பன்னிரண்டு பேர் எழுந்தார்கள். எண்பத்திரண்டு என்றார் மைக்காரர். ஒருத்தரும் அசையவில்லை. டீச்சர் இன்னும் பதிலுக்காக இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இவர் எழுந்து நின்றுவிட்டார்.

வாயால் அவர் ஒரு பொய்யும் சொல்லவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். சொன்னது முட்டிதான்.

அப்போது எழுந்தது பாருங்கள் ஒரு கைதட்டல்! மற்ற எந்தச் செட்டுக்கும் அப்படித் தட்டவில்லை. மொத்தக் கூட்டமும் நின்று நிதானமாக, சிரித்த முகத்தோடு தட்டியது. ஒற்றை ஆளாக ஒரு செட்டையே தாங்கி நிற்கிற மனுஷனுக்குத் தருகிற மரியாதை என்று இவர் நினைத்துக்கொண்டார். மனைவி போனபிறகு முதல்தடவையாக அன்று ராத்திரி தூங்கினார்.

அடுத்த சனிக்கிழமையும் எழுந்தார், அதே கைதட்டல். நாலைந்து வாரத்தில் அவருக்குப் பெயரே 'எண்பத்திரண்டு' என்று ஆகிவிட்டது. "வாங்க எண்பத்திரண்டு, இன்னைக்கு நாம ஜெயிப்போமா?" என்பார் பின்வரிசை வக்கீல். கல்லூரி அணி ஜெயிப்பது அபூர்வம் என்பதால் அது ஒரு நிரந்தரக் கேள்வி. "நம்ம கோல்கீப்பர் கையில வெண்ணெயத் தடவிக்கிட்டுல்ல வந்திருக்கான்," என்பார் இவர். வக்கீல் விழுந்து விழுந்து சிரிப்பார். ஞாயிறு தொடங்கி வெள்ளி வரைக்கும் அந்தச் சிரிப்பு தாங்கும்.

யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பயந்து பதிலெல்லாம் தயார் செய்து வைத்திருந்தார். மேற்கு விடுதி, பதினேழாம் அறை, ஜன்னல் சரியாக மூடாது. வார்டனுக்கு ஒரு பட்டப்பெயர்கூட யோசித்து வைத்திருந்தார். பதினான்கு வருஷத்தில் ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை. நாகரிகமானவர்கள் என்று நினைத்தார். வருஷக் கடைசியில் அவர்கள் விருந்து வைப்பார்கள். அதற்கு இவரை மட்டும் யாரும் வாங்க என்றதில்லை. சொல்லாமலே வந்துவிடுவார் என்று விட்டிருப்பார்கள் என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டார்.

ஒரே ஒரு விஷயம்தான் அவருக்கு முடியவில்லை. கோல் விழுந்தால் அந்தப் பகுதியில் எல்லோரும் அவரவர் விடுதிப் பெயரைச் சொல்லிக் கத்துவார்கள். டீச்சர் எழுபது வயதில் எழுந்து நின்று, "தோட்ட விடுதி!" என்று கத்துவதைக் கேட்டால் காது அடைத்துப்போகும். இவர் உதட்டை மட்டும் அசைப்பார். மேற்கு விடுதி என்பது தொண்டைக்குழி வரை வந்து அங்கேயே நின்றுவிடும்.

இந்தச் சனிக்கிழமை, இடைவேளைக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது டீ வாங்கக் கீழே இறங்கினார். தனக்கொன்று, டீச்சருக்கொன்று, சர்க்கரை இல்லாமல். நடைபாதைச் சுவர் முழுக்கப் புதிதாகப் படங்கள் மாட்டியிருந்தார்கள். கல்லூரிக்கு எழுபத்தைந்து வயதாம், வருஷத்துக்கு ஒரு படம், ஒவ்வொரு செட்டும் வரிசையாக நின்று எடுத்துக்கொண்டது, கீழே பெயர்களோடு. எண்பத்திரண்டில் நாற்பது முகம் இருக்கும், அதில் தன் முகம் இருக்காது, யாராவது ஒருத்தர் பார்த்தால் போதும், தொலைந்தது. கழுத்துச் சிவப்பு மஃப்ளரைத் தன்னையறியாமல் அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார். எழுபத்தெட்டு, எழுபத்தொன்பது என்று சுவரோரமாக நகர்ந்தார்.

எண்பத்திரண்டில் முகமே இல்லை. வெறும் சட்டம். உள்ளே வெள்ளை அட்டை. அதில் அச்சடித்திருந்தது: "பெரிய கட்டடத்தின் கூரை சரிந்ததால் இந்த ஆண்டு மாணவர் சேர்க்கை நடைபெறவில்லை. வராமலே போன அந்தச் செட்டுக்காக, அன்று தொட்டு இன்றுவரை இடைவேளையில் நாம் எல்லோரும் சேர்ந்து கை தட்டுகிறோம்."

டீக்காரர் இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் அவருக்குக் காது கேட்டது.

கோப்பைகளோடு மேலே ஏறினார். வீட்டுக்குப் போய்விடலாம் என்று ஒரு படியில் நின்றார். போனால் அந்த அரைவரிசைப் பல் காத்திருக்கும், நாளைக்கு அக்கா மருமகளைப் பற்றிப் பேசுவாள், அதற்கடுத்த சனிக்கிழமை என்று ஒன்று இருக்காது. ஏறி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். டீச்சர், "நல்ல சூடு," என்று கோப்பையை வாங்கிக்கொண்டார்.

மைக்காரர் ஆரம்பித்தார். எண்பது. எண்பத்தொன்று. எண்பத்திரண்டு.

இவர் எழவில்லை.

கைதட்டல் வந்தது. எப்போதும் போலவே வந்தது, அதே சத்தம், அதே நேரம், அதே சிரித்த முகங்கள். இவர் நிற்கிறாரா உட்கார்ந்திருக்கிறாரா என்று முன்வரிசையில் ஒரு தலையும் திரும்பவில்லை. பதினான்கு வருஷமாக அவர் எழுந்து நின்று வாங்கிக்கொண்டது இல்லாதவர்களுக்கு விழுந்த கைதட்டல். என்ன செய்வதென்று தெரியாமல் அவரும் இரண்டு கையையும் சேர்த்துத் தட்டினார்.

எண்பத்துமூன்று என்றார் மைக்காரர்.

"முட்டி வலியா?" என்று கேட்டார் டீச்சர்.

"இல்லங்க. கீழ படம் மாட்டியிருக்காங்க. பாத்தேன்."

டீச்சர் டீயை ஒரு வாய் குடித்தார். "ம்," என்றார்.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"மொத நாளே. எல்லாருக்குந்தான் தெரியும்."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"மொத தடவ நீங்க ஏதோ வேடிக்க பண்றீங்கன்னு நெனச்சோம். அடுத்த வாரமும் எழுந்து நின்னீங்க. மொகத்தப் பாத்தா வேடிக்கயாத் தெரியல. அப்புறம் எப்படிங்க சொல்றது?" என்றார் டீச்சர். கோப்பையைக் காலடியில் வைத்தார். "அதான் உங்கள ஒண்ணுமே கேக்கக்கூடாதுன்னு பேசி வெச்சுக்கிட்டோம். கேட்டா நீங்க பொய் சொல்ல வேண்டி வரும். விருந்துலயும் எல்லாரும் பழங்கதையே பேசுவாங்க, உங்களுக்குத்தான் சங்கடம்."

வக்கீல் பின்னாலிருந்து எட்டி இவர் தோளில் லேசாகத் தட்டினார். நல்ல மனுஷர்கள்தான், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆளுக்கொரு கை கொடுத்து, பதினான்கு வருஷம் அவரைத் தனியாக வைத்திருந்திருக்கிறார்கள்.

இப்போதாவது கேட்பார்கள் என்று காத்திருந்தார். அப்படியானால் நிஜமாக எங்கே படித்தீர்கள் என்று ஒரு கேள்வி. இதற்குப் பதில் தயார் செய்ய வேண்டியதில்லை. டயர் கடை மாடியில் இரண்டு அறை. சாயங்கால வகுப்பு, ஒன்றரை வருஷம், மொத்தம் பதினோரு பேர். கீழே காற்றடிக்கிற சத்தத்தில் வாத்தியார் சொல்வதில் பாதி காதில் விழாது. ஜன்னல் விளிம்பில் பிளாஸ்டர் வாய்கள் வரிசையாகக் காயும். இவர் கட்டிய முதல் செட்டை வாத்தியார் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இது பேசும்டா என்றார். அந்த இடத்துக்கு மைதானம் கிடையாது, அணி கிடையாது, மஃப்ளர் கிடையாது. அதைப் பற்றி வெட்கம் என்று அவருக்கு ஒன்றும் இல்லை. சொல்ல ஆள்தான் வாய்க்கவில்லை.

டீச்சர் வாயைத் திறந்தார். "அந்த ஏழாம் நம்பரு இன்னைக்கு நல்லா ஓடுறான்ல," என்றார்.

இரண்டாம் பாதி தொடங்கிவிட்டிருந்தது.

"நல்லாத்தான் ஓடுறான்," என்றார் இவர்.

ஆட்டம் முடிய நாலு நிமிஷம் இருக்கும்போது, யாரும் எதிர்பாராமல், அந்த ஏழாம் நம்பர் கோல் போட்டான். பகுதி மொத்தமும் எழுந்து நின்றது. ஆற்றோர விடுதி என்று வக்கீல் கத்தினார். தோட்ட விடுதி என்று டீச்சர் கத்தினார். நூறு தொண்டைகள் நூறு பெயரைக் கத்தின. பல்செட்காரரும் எழுந்தார். கையிலிருந்த மஃப்ளரைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, வாழ்க்கையில் அதுவரை கத்தாத சத்தமாக, "டயர் கடை மாடி!" என்று கத்தினார்.

யாருக்கும் கேட்கவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு இன்னொரு தடவை கத்தினார்.