பொறுமையில்லாத கை

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பயத்திலிருந்து வந்தது. வெள்ளைத் தாளைப் பார்த்தால் எழுதுகிறவர்களுக்கு வருமே, அந்தப் பயம் எனக்குப் பழகிப்போனது. இது வேறு பயம். நான்கு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. சாப்பாட்டைப் பற்றிய கதையை இப்படி ஆரம்பிப்பது நன்றாக இல்லை என்று எனக்கே தெரிகிறது.

முதலில் எழுதிய தொடக்கம் இது:

"விமர்சகர் தன் முறுக்கு மீசையைத் தடவிக்கொண்டே தட்டை முகர்ந்து..."

[அடித்துவிட்டேன். அவருக்கு மீசையே கிடையாது. ஆளை அடையாளம் தெரியாமல் இருக்க நான் ஒட்டிய மீசை. என் கதைகளை முதலில் படிப்பவர் இதைப் பார்த்தால் ஓரத்தில் பென்சிலால் 'பொய்' என்று எழுதிவிடுவார். அதுதான் அவர் வழக்கம்.]

இரண்டாவது:

"நகரத்துச் சாப்பாட்டுக் கடைகளெல்லாம் நடுங்கிய ஒரே மனிதர்..."

[இதுவும் பொய். அவரைப் பார்த்து எந்தக் கடையும் நடுங்கவில்லை. நடுங்கிக்கொண்டிருப்பது நான்.]

2

விமர்சகர் வாரத்தில் ஐந்து நாள் எடை ஆய்வாளர். எடைக்கல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடை கடையாகப் போய், தராசைச் சரிபார்த்து முத்திரை வைக்கிற வேலை. ஐந்து கிராம் குறைந்தாலும் குறைவு குறைவுதான் என்பார். சனிக்கிழமை மதியம் மட்டும் ஏதாவது ஒரு கடையில் சாப்பிடுவார். சாப்பிட்டதைப் பற்றி ஞாயிறு காலையில் தன் இணையப் பக்கத்தில் எழுதுவார். பக்கத்தின் பெயர் 'உள்ளது உள்ளபடி'. அவர் கை எப்படிப்பட்டது என்பதற்கு மூன்று மாதிரி:

"சூப்பில் உப்பு மட்டும் வேலைக்கு வந்திருக்கிறது. மற்றவர்கள் விடுப்பு."

"நூடுல்ஸ் சூடு. பரிமாறியவர் அதைவிடச் சூடு. இரண்டையும் ஆறவிட்டுச் சாப்பிடவும்."

"ரொட்டிக் கடையில் வெண்ணெய் தாராளம், சிரிப்பு சிக்கனம். வெண்ணெய்க்காகப் போகலாம்."

ஒரு கடையிலும் ஓசியில் ஒரு காபி குடித்ததில்லை. அதனால் ஜனங்கள் அவரை நம்பினார்கள். அவர் நல்லா இருக்கு என்று சொன்ன கடையில் மறுநாளே வரிசை நிற்கும்.

அவருக்கு ஒரு வேலைமுறை உண்டு, கதைக்கு அது முக்கியம். தராசு பார்க்கப் போய்ப் போய்க் கடைக்காரர்களுக்கெல்லாம் அவர் முகம் பழக்கம். அவரே போய் நின்றால் நல்ல துண்டாகப் பொறுக்கி வைத்துவிடுவார்கள். ஆகவே கவுண்டர் பக்கமே போகமாட்டார். சமையலறைக்கு முதுகைக் காட்டி ஒரு மூலையில் உட்கார்ந்துகொள்வார். கூட வருகிறவர்தான் போய் வாங்கி வரவேண்டும்.

3

இந்தக் கூட வருகிறவரை எப்படியாவது கதையிலிருந்து கழற்றிவிட முடியுமா என்று பார்த்தேன்.

ஒரு பிரதியில் அவரை விமர்சகரின் நண்பராக்கி, கண்ணாடியை வீட்டில் மறந்து வைத்துவிட்டு வரச் செய்தேன். கடைப் பெயர்ப்பலகையைச் சரியாகப் படிக்க முடியவில்லை, பாவம் என்று யாரும் விட்டுவிடுவார்கள் அல்லவா. [சப்பைக்கட்டு. அடித்துவிட்டேன்.] இன்னொரு பிரதியில் கூட யாருமே வரவில்லை. ஆனால் அவர் தனியாகப் போயிருந்தால் அந்தத் தவறு நடந்தே இருக்காது, கதையும் இல்லை. வேறு வழியில்லை, கூட வந்தவர் இருந்துதான் ஆகவேண்டும்.

4

அது ஒரு பெரிய கூடம். ஒரு பக்கச் சுவரை ஒட்டி மூன்று கவுண்டர்கள். மேசைகளும் தட்டுகளும் எல்லாக் கடைக்கும் பொது. எல்லாம் ஒரே மஞ்சள் தட்டு.*

விமர்சகர் அன்று பார்க்க வந்தது கடைசிக் கவுண்டரை. புதிதாக வந்த சின்னப் பொரித்த கோழிக் கடை. கணவர் மாவில் பிரட்டிக் கொடுப்பார், மனைவி பொரிப்பார். கூட வந்தவர் போய் நின்றார்.

"ரெண்டு துண்டு குடுங்க. எலும்போட."

"பதினஞ்சு நிமிஷம் ஆகும்மா. கேட்டப்புறம்தான் எண்ணெயில போடுவோம்" என்றார் பொரிக்கிற அம்மா.

"அவ்வளவு நேரமா?"

"உள்ள வேகணுமில்ல. போய் உக்காருங்க, ஆனதும் கூப்பிடறேன்."

பக்கத்துக் கவுண்டர் பெரிய கடையுடையது. அங்கே விளக்குக்கு அடியில் பொரித்த துண்டுகள் மலையாகக் கிடந்தன. கூட வந்தவருக்குப் பசி. வேறு நல்ல காரணம் ஏதாவது கிடைக்குமா என்று நான்கு நாளாகத் தேடுகிறேன், பசியைத் தவிர ஒன்றும் அகப்படவில்லை. "வேணாங்க, விடுங்க" என்று நகர்ந்து, பக்கத்தில் இரண்டு துண்டு வாங்கிக்கொண்டு, மூலை மேசைக்குப் போனார். உட்கார்ந்ததும் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தார்.

அதற்குள் விமர்சகர் ஒரு துண்டைப் பிட்டுவிட்டார்.

"பாத்தியா, எலும்புகிட்ட. ரத்தம். வேகவே இல்ல."

கூட வந்தவர் "ம்" என்றார்.

அந்த இடத்தில் சொன்னால் அவர் கோபித்துக்கொள்ளமாட்டார். திரும்பப் போய்ச் சின்னக் கடையில் வாங்கி வா என்பார். இன்னும் பதினைந்து நிமிடம். ஒரு வரி எழுதுவார், யார் படிக்கப் போகிறார்கள் என்று நினைத்து நான்

[அப்படியே விட்டுவிடுகிறேன், அடிக்கவில்லை. கூட வந்தவர் என்று வருகிற இடத்திலெல்லாம் 'நான்' என்று படித்துக்கொள்ளுங்கள். விமர்சகர் என் சொந்த அண்ணன்.]

* மஞ்சள் என்பது உண்மை. தட்டில் கடைப் பெயர் போட்டிருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

5

ஞாயிறு காலை அண்ணன் எழுதினார்: "எலும்பருகே சிவப்பு. பொறுமையில்லாத கை பொரித்தது. குழந்தைகளுக்கு வாங்கித் தராதீர்கள்."

அந்தக் கடைசி வரிதான் ஊர் சுற்றியது. குழந்தை என்றால் யாரும் யோசிப்பதில்லை, உடனே மற்றவர்களுக்கு அனுப்பிவிடுகிறார்கள். என் கைபேசிக்கே ஆறு பேரிடமிருந்து வந்தது. இரண்டு வாரம் கழித்து அந்தக் கூடத்தின் வழியாகப் போனேன். பெரிய கடையில் நீளமான வரிசை. சின்னக் கடையில் அந்தக் கணவர் எண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் கையில் மாவே இல்லை. நான் தூணுக்குப் பின்னால் ஒதுங்கி, வந்த வழியே திரும்பிவிட்டேன்.

போன திங்கட்கிழமை அண்ணன் வீட்டுக்கு வந்தார்.

"அந்தப் பொரிக்கிற அம்மா ஆபீசுக்கே வந்துட்டாங்க."

"சத்தம் போட்டாங்களா?"

"இல்லையே. போட்டிருந்தா தேவலாம்னு இருக்கு. 'ஐயா, என் அடுப்புல சிவப்பு வராது. ஒருதரம் வாங்க, உங்க கண்ணு முன்னால பொரிக்கிறேன். அப்பவும் சிவப்பா இருந்தா நானே மூடிட்டுப் போறேன்'னாங்க. வியாபாரம் இல்லாததால மாசக் கடைசியில இடத்தைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்களாம்."

"நீ என்ன சொன்னே?"

"வர்றேன்னுட்டேன். சனிக்கிழமை மதியம். நீயும் வரணும்."

"நான் எதுக்குண்ணா?"

"அன்னிக்கு வாங்கினவ நீதானே. நான் எழுதினது தப்புன்னா அந்தப் பக்கத்தையே மூடிடுவேன். அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இன்னொருத்தன் தராசைக் குறை சொல்றது? ஆனா தப்பா இருக்காது. நீதானே கொண்டுவந்து குடுத்தே."

கடைசி வாக்கியத்தை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார்.

அந்த அம்மாவுக்கு என்னை நினைவிருக்கும். புதுக்கடை, கூட்டமில்லாத நேரம், சொல்லிவிட்டு வேண்டாம் என்று போன முகம். எந்தக் கடைக்காரரும் அந்த முகத்தை மறக்கமாட்டார்.

6

முடிவுகள். மூன்று எழுதிப் பார்த்தேன்.

முடிவு ஒன்று: சனிக்கிழமைக்கு முன்பே சின்னக் கடை காலியாகிவிடுகிறது. அண்ணனும் தங்கையும் போகும்போது கவுண்டரில் துணி மூடியிருக்கிறது. யாரும் யாரையும் பார்க்க வேண்டியதில்லை. [இதை எழுதி முடித்ததும் நிம்மதியாக இருந்தது. அப்படி ஒரு நிம்மதி எனக்கு வந்ததே என்றுதான் எல்லாவற்றையும்விட அதிகமாகப் பயந்தேன்.]

முடிவு இரண்டு: தங்கைக்குக் காய்ச்சல், போகவில்லை. [நேற்று வெப்பமானியை வைத்துப் பார்த்தேன். மூன்று தடவை. காய்ச்சல் இல்லை.]

முடிவு மூன்று: அண்ணன் இந்த முறை கவுண்டருக்கே போகிறார். தங்கை அவர் முதுகுக்குப் பின்னால் நிற்கிறாள். கோழியை எண்ணெயில் போடப் போகிற அந்த அம்மா நிமிர்ந்து பார்க்கிறார். கை அப்படியே நிற்கிறது. "ஏம்மா, நீங்க அன்னிக்கு..."

[இதற்கு மேல் போகவில்லை. ஒவ்வொரு தடவையும் அண்ணன் திரும்பி என்னைப் பார்ப்பது வரைக்கும்தான் வருகிறது. அவர் முகத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.]

7

இன்று வெள்ளிக்கிழமை, மாலை நான்கு மணி. அண்ணன் வாரா வாரம் அலுவலகம் விட்டு நேராக இங்கே வருவார். எடைக்கல் பெட்டியைச் செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் வைப்பார். காதில் செருகிய பென்சிலை எடுத்துக்கொண்டு, அந்த வாரம் நான் எழுதியதைப் படிக்க உட்காருவார். நம்பமுடியாத இடத்தில் சின்னதாகப் 'பொய்'. எங்கள் வழக்கம் அது, எட்டு வருடமாக.

மேசைமேல் இரண்டு கட்டுத் தாள் இருக்கிறது. ஒன்று பழைய கதை, வாடகை வீடு தேடுகிற ஒரு குடும்பத்தைப் பற்றியது. யாருக்கும் வலிக்காது. இன்னொன்று இது.

கீழே தெருக்கதவு திறக்கிறது. படியில் எடைக்கற்கள் ஒன்றோடொன்று இடிக்கிற சத்தம். இந்தக் கடைசிப் பகுதியை அச்செடுத்த தாளின் அடியில் கையால் எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் அவசரத்தால்தான்.

வேறு யாராவது இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், அண்ணன் இதைக் கிழித்துப் போடவில்லை என்பது மட்டும் உங்களுக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு இன்னும் அதுகூடத் தெரியாது.

பழைய கதையை எடுத்து இழுப்பறைக்குள் வைத்துவிட்டேன்.

அண்ணா, அன்றைக்கு நீ சாப்பிட்டது பக்கத்துக் கடைக் கோழி. உன் நாக்கில் தப்பில்லை, அந்த அம்மாவின் அடுப்பிலும் தப்பில்லை. பொறுமையில்லாத கை என்று எழுதினாயே, அது என் கை. பொய் என்று போடவேண்டிய இடத்திலெல்லாம் போட்டுக்கொள், மீசையிலிருந்து ஆரம்பி. இந்தப் பத்திக்கு மட்டும் போடாதே.

கீழே பாதிப் பக்கம் காலியாக விட்டிருக்கிறேன். நாளை மதியம் என்ன நடக்கவேண்டும் என்று நீ எழுது. அதன்படி வருகிறேன், முன்னால் நிற்கிறேன். இப்போது உள் அறையில் இருக்கிறேன், கதவைத் தாழ்ப்பாள் போடவில்லை.